பெரிய வாத்தியார் எழுதாமல் விட்ட பேர்

பிள்ளைகளா, சின்னவனுக்குப் பிறந்திருக்கிற பையனுக்குப் பேர் தேடி, நீங்கள் மூன்று பேருமாகச் சேர்ந்து நாற்பத்தோரு பேரைப் போனில் அனுப்பியிருக்கிறீர்கள். பிடித்ததைச் சொல்லுங்கள் அப்பா என்று கீழே எழுதியிருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். ரித்விக், துருவ், அத்விக், விஹான். வாய்க்குள் உருட்டிப் பார்த்தேன். குறை சொல்லவில்லை. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு பேர்க் காய்ச்சல் வரும், போகும். எண்பதுகளில் சுரேஷ் என்றால் டவுன் பிள்ளை. இன்றைக்கு நம் ஊர் டீக்கடையில் நின்று சுரேஷ் என்று கூப்பிட்டால் வழுக்கை விழுந்த நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். உங்கள் ரித்விக்குக்கும் ஒருநாள் தொப்பை விழும்.

அந்தக் காய்ச்சலை நம் ஊருக்குள் கொண்டுவந்த ஆளைப் பற்றி உங்களிடம் நான் பேசியதில்லை. பெரியவன் தினேஷ் அவரிடம் படித்திருக்கிறான். நல்ல மனுஷன் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்த நினைப்பைக் கெடுக்கத்தான் எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் அவர். ஊரில் பெரிய வாத்தியார் என்போம். அவருடைய பேரை எழுத மாட்டேன். எத்தனையோ பேருடைய பேரை எழுதாமல் விட்டவர் அவர். அவருடையதை நான் ஒருவன் விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

தருமபுரியில் வீடு. பென்னாகரம் வந்து, அங்கிருந்து எட்டே முக்கால் பஸ்ஸில் வந்து இறங்குவார். வெள்ளைச் சட்டை, காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு கைக்குட்டை, பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பார். மணி கேட்டால் கையைத் திருப்பி அவர் மட்டும் பார்த்துக்கொண்டு, "உனக்கு எதுக்குப்பா மணி" என்பார். நம் ஊர்த் தண்ணீரைக் குடிக்க மாட்டார். பிளாஸ்டிக் கேனில் வீட்டுத் தண்ணீர் வரும். நாற்காலியை ஒரு பிள்ளை துடைத்த பிறகும் தன் கைக்குட்டையால் இன்னொரு தடவை துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். பதினாறு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நாள்கூட நம் ஊர்க்காரன் துடைத்தது அவருக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

அவருடைய திருவிழா ஜூன் மாதம். முதல் வகுப்புக்குச் சேர்க்கை. புங்க மரத்தடியில் மேஜையைப் போட்டு, பெரிய பதிவேட்டை விரித்து வைத்துக்கொள்வார். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. பிறந்த தேதி எந்த வீட்டுக்கும் தெரியாது, அவரே எழுதிக்கொள்வார். நம் ஊரில் ஒரு தலைமுறையே மே மாதத்தில் பிறந்தது அவர் தயவில்தான். அதில் எனக்குக் கோபமில்லை. தேதிக்காக யாரும் அழுததில்லை.

அடுத்து பேர். வந்தவர்கள் சொல்வார்கள்: மாரியப்பன், முனுசாமி, சின்னமாது, கோவிந்தன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு மூக்கால் சிரிப்பார். வாய் திறக்காது, மூக்கில் மட்டும் காற்று வரும். பிறகு, "இதெல்லாம் ஒரு பேரா?" இந்த வாக்கியத்தை அவர் வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அப்புறம் குனிந்து வேறு ஒன்றை எழுதுவார். எழுதி முடித்த பிறகுதான் வாசிப்பார். "ராஜேஷ். போ, உக்காரு."

நம் பக்கத்தில் மாதையன், மாதன், மாது, மாதப்பன் என்று நிறையப் பேர் இருந்தார்கள். மாதேஸ்வரன் சாமிக்கு வேண்டிக்கொண்டு வைப்பது. அதுதான் அவருக்கு ரொம்ப இளக்காரம். மந்தையில் ஆட்டுக்காவது காதில் தனித்தனி வெட்டு அடையாளம் இருக்கிறது, உங்களுக்கு அதுவும் இல்லை என்பார். அப்படிச் சொன்னவர் ஒரே வகுப்பில் நாலு சுரேஷை உட்கார வைத்தார். கருப்பு சுரேஷ், மேட்டுக்காட்டு சுரேஷ், சளி சுரேஷ், சும்மா சுரேஷ் என்று பிள்ளைகளே அடையாளம் வெட்டிக்கொண்டார்கள்.

எல்லோரிடமும் அவருடைய பேனா போகாது. டைலர் பாய் தன் மகனைக் கொண்டுவந்து இப்ராஹிம் என்றபோது தலையை நிமிர்த்தாமல் அப்படியே எழுதினார். கீழ்த்தெருவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம், கடலை விவசாயம். அவர்கள் பையன் சவரிமுத்து. அவனை ராபர்ட் ஆக்கப் பார்த்தார். மறுநாள் மாதா கோயிலில் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டைப் பையனின் அப்பா கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வாத்தியார் படித்துப் பார்த்துவிட்டு, ராபர்ட்டை அடித்து, மரியாதையாகச் சவரிமுத்து என்று எழுதினார். காகிதத்துக்குப் பயப்படுகிற ஆள். நம்மிடம் காகிதம் இல்லை. நம் பிள்ளைகள் வீட்டில் பிறந்தவர்கள். பேர் என்பது கோயில் வாசலில் மொட்டை அடித்து, காது குத்தி, நாலு பேர் கேட்கச் சொன்னது. அவ்வளவுதான்.

இனி தினேஷின் கதை.

உங்கள் தாத்தா பேர் மாதையன். மூத்த பேரனுக்கு அந்தப் பேர் என்பது அவன் வயிற்றில் இருக்கும்போதே முடிவானது. ஆனால் எங்கள் காலத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாது. மருமகள் மாமனார் பேரைச் சொல்லக் கூடாது. பிள்ளைக்கு அதே பேர் வைத்திருந்தாலும் சொல்லக் கூடாது. அதனால் உங்கள் அம்மாவுக்கு அவன் 'சாமி'. எனக்கும் அப்பா பேரை வாய்விட்டுக் கூப்பிடக் கூச்சம், 'டேய் பெரியவனே' என்பேன். தாத்தா தன் பேரைத் தானே எப்படிக் கூப்பிடுவார்? 'ராசா' என்பார். ஆக, பேர் வைத்தாயிற்று, வீட்டில் கூப்பிட ஆளில்லை. தாத்தாவையும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எங்கள் அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாள், அவளும் ஒரு நாளும் சொன்னவள் இல்லை. அவர் காத்திருந்தது பள்ளிக்கூடத்துக்கு. என்னிடமே சொன்னார்:

"பள்ளிக்கோடத்துலதான்டா முழுப் பேரைக் கூப்புடுவாங்க. வாத்தியாரு கூப்புடுவாரு, இவன் எந்திரிச்சி நிப்பான். நான் வேலிகிட்ட நின்னு கேப்பேன்."

ஐந்து வருடம் அதற்காகக் காத்திருந்தார்.

சேர்க்கையின்போது நான் பெங்களூரில் கொத்து வேலையில் இருந்தேன். தாத்தா பேர் வைத்த வீடுகளில், பேரைச் சொல்வதற்கென்று ஒரு நாத்தனாரோ பங்காளியோ தாயோடு கூடப் போவது வழக்கம். என் அக்காவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். உங்கள் அம்மா தனியாகப் போனாள். தாத்தா ஆடுகளோடு கூடவே வந்தார். ஆடு உள்ளே வரக் கூடாது என்று வாத்தியார் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்.

இங்கேதான் அந்த ஆளைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் எங்கிருந்தோ வந்தவர் இல்லை, இந்த ஜில்லாக்காரர். மருமகள் மாமனார் பேரைச் சொல்ல மாட்டாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த விளையாட்டை ஆடுவார். தாத்தா பேர் என்று தெரிந்த உடனே கூட வந்தவர்களைக் கையமர்த்திவிட்டு, "நீ சொல்லும்மா" என்று தாயைப் பார்ப்பார். அவர்கள் சுற்றி வளைத்து அடையாளம் சொல்வார்கள். அவர் வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொல்லிக் கேட்பார். பிள்ளைகள் சிரிக்கும். இதை அவர் வேடிக்கை என்று நினைத்திருந்தார்.

உங்கள் அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "எங்க மாமனாரு பேருங்க சார்" என்றிருக்கிறாள்.

"அவருக்கு என்ன பேரு?"

"சாமி பேருங்க. கன்னடத்து மலையில, புலி மேல உக்காந்திருப்பாருங்க."

"ஐயப்பனா?"

"இல்லீங்க சார். அவரு இல்லீங்க."

"புலி மேல உக்காந்திருக்கறவரு வேற யாரு, சர்க்கஸ்காரனா?"

பிள்ளைகள் சிரித்தன. உங்கள் அம்மா கேட் பக்கம் கையைக் காட்டி, அவங்களே நிக்கறாங்க, அவங்களைக் கேளுங்க என்று சொல்லியிருக்கிறாள். தாத்தா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பேர்கூடச் சொல்லத் தெரியாத கூட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே தினேஷ் என்று எழுதினார். தூரத்தில் நின்ற தாத்தாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழுதுவது மட்டும் தெரிந்தது. தன் பேரைத்தான் எழுதுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டாராம். உங்கள் அம்மா வீட்டுக்கு வந்து அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கும் அந்தப் பேரைச் சொல்லியாக வேண்டுமே.

ஆடிப் பதினெட்டுக்கு நான் வந்தபோது அழுதுகொண்டே சொன்னாள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போனேன். மாற்றி எழுத வைத்துவிட்டுத்தான் வருவது என்று போனேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, தோளில் சிமெண்ட் மூட்டை தூக்குகிறவன்.

வாத்தியார் பதிவேட்டைத் திறந்தார். அதற்குள் மடித்து வைத்த நோட்டீஸ் ஒன்று இருந்தது. தருமபுரியில் அவர் பையன் படிக்கிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில் பரிசு வாங்கியவர்களின் பட்டியல். சில பேர்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் கோடு. ரமேஷ், கோடு. சதீஷ், கோடு. பிரகாஷ், கோடு. நான் எட்டாவது வரை படித்தவன், தலைகீழாக வைத்திருந்தாலும் படிக்கத் தெரியும். தினேஷும் இருந்தது. வாயில் ஸ்பூனைக் கவ்வி எலுமிச்சம்பழத்தோடு ஓடும் பந்தயம், இரண்டாம் பரிசு.

என் அப்பாவின் பேர் போன இடத்தில் வந்து உட்கார்ந்தவன் எலுமிச்சம்பழத்தில் இரண்டாவதாக வந்தவன். பெரிய படிப்பாளி என்று ஊர் நினைத்திருந்த அந்த ஆளுக்கு, ஒரு பிள்ளைக்குப் பேர் யோசிக்கிற அளவுக்குக்கூடச் சொந்தப் புத்தி இல்லை. காப்பியடித்திருக்கிறார். பட்டியல் தீர்ந்துபோனால் மறுபடி மேலிருந்து தொடங்குவார் போலிருக்கிறது, அதனால்தான் நாலு சுரேஷ்.

"பேரு மாத்தணுங்க சார். எங்கப்பா பேரு வெச்சிருக்கறோம்" என்றேன்.

"எழுதுனது எழுதுனதுதான். மாத்தணும்னா மெட்ராஸுக்கு எழுதிப் போடணும், கெஜட்ல வரணும். போவியா?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் பேனாவை மூடினார்.

"நீ பெங்களூர்லதான வேலை செய்யற? அங்க உன்ன என்ன பேரு சொல்லிக் கூப்புடறாங்க?"

இதற்கு நான் பதில் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். என் பேர் சின்னமாது. உங்களுக்குத் தெரியும். பெங்களூரில் மேஸ்திரி முதல் நாள் கேட்டபோது ராஜு என்று சொல்லியிருந்தேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சொன்னது.

"ராஜுங்க சார்."

மூக்கில் காற்று வந்தது. "அப்புறம் என்னப்பா? உனக்கு ஆவாத பேரு உன் மவனுக்கு எதுக்கு? ஆபீஸ்ல நாக்காலியில உக்காரணும்னா நான் வெச்ச பேருதான் உக்காரும்."

சாமர்த்தியமான ஆள்தான். யாரிடம் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்க்கத் தெரியும். அதை வைத்து நாலு நல்லது செய்திருக்கலாம். என்னைப் போன்றவனின் வாயை அடைப்பதற்குத்தான் அது பயன்பட்டது. நான் சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். வழியில் தினேஷ், தினேஷ் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

வீட்டு வாசலில் உங்கள் தாத்தா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். என்ன எழுதியிருக்குதுடா என்று கேட்டார். உங்க பேருதாம்ப்பா, மாதையன்னு பெரிசா எழுதியிருக்குது என்றேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மறுநாள் பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

மறுபடி வந்தது பொங்கலுக்கு. ஊருக்குள் நுழையும்போது டீக்கடையில் வாத்தியார் இருந்தார். டீ குடிக்க இல்லை, பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் நல்ல வேடிக்கை ஒன்று கிடைத்த மாதிரி, கடையில் இருந்தவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார். என் அப்பா தினமும் காலையில் பள்ளிக்கூட வேலியோரம் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து நிற்கிறாராம். வாத்தியார் வருகை எடுத்து முடிக்கிறவரை நிற்கிறாராம். நாலு நாள் பார்த்துவிட்டு, என்னப்பா வேணும் என்று கேட்டதற்கு, இன்னிக்கும் எம் பேரனைக் கூப்புடலீங்களே சாமி என்றாராம்.

"கூப்புட்டேனே, தினேஷ்னேன், உள்ளேன் ஐயான்னு எந்திரிச்சானேன்னேன். அப்பவும் நிக்கறான்ப்பா. அவன் பேரைச் சொல்லணுமாம்."

கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பஸ் வந்தது. வாத்தியார் கைக்குட்டையால் சீட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தது வெளியிலிருந்து தெரிந்தது. அவன் இவன் என்று அவர் சொன்னது என் அப்பாவை. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். அந்த ஆள் மீது எனக்கிருந்த கடைசி மரியாதையும் அந்த இடத்தில் போனது. என் மீது இருந்ததும் கொஞ்சம் போனது.

வீட்டில் அப்பா என்னைத் திட்டவில்லை. மாட்டுப் பொங்கலன்று ஆட்டுக் கொம்புக்கு வண்ணம் பூசிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அவரு படிச்சவரு, அவருக்குப் புடிச்சதை எழுதிக்கினாரு. அது போவட்டும். நீ ஏன்டா எம் பேருதான் இருக்குதுன்னு சொன்ன?"

அதற்குப் பிறகு அவர் ஆட்டை ஏரிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவே இல்லை.

மூன்றாம் நாள் பெங்களூர் பஸ்ஸுக்காகத் தருமபுரி பஸ் நிலையத்தில் நின்றபோது வாத்தியாரைக் குடும்பத்தோடு பார்த்தேன். மனைவி, ஒரு கிழவர், எட்டு வயதில் ஒரு பையன், ஷூவும் டையுமாக. நான் கும்பிட்டேன். கை தானாகப் போய்விடுகிறது. பையன் ரோட்டுப் பக்கம் ஓடினான். அந்த அம்மா, சாமி, சாமி, வண்டி வருது என்று கத்தினார். எனக்கு என்னமோ தட்டியது. பையனைப் பிடித்து நிறுத்தி, உன் பேரு என்ன கண்ணு என்று கேட்டேன்.

"பச்சமுத்து. எங்க தாத்தா பேரு."

வாத்தியார் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கும் போக முடியாமல், மெதுவாக, கிழவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "எங்கப்பாரு உசுரோட இருக்காருப்பா. என்ன பண்றது."

என் அப்பாவும் அப்போது உயிரோடுதான் இருந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

அதைக்கூட நான் சொல்லவில்லை. ஆமாங்க சார் என்றேன். பிற்பாடு அவர் மாற்றலாகிப் போனபோது ஊர் எடுத்த மாலையில் என் பங்கும் இருந்தது. போட்டவன் தினேஷ். படத்தில் அழகாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். வாத்தியார் சொன்னது பலித்தது, அவன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அவனோடு படித்த சவரிமுத்துவும் அதே மாதிரி நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான். இப்ராஹிமுக்கு இரண்டு கடை. நாலு சுரேஷில் மூன்று பேர் என்னோடு கொத்து வேலைக்கு வந்தார்கள். எந்தப் பேர் எங்கே உட்காரும் என்பது அந்த ஆளுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்த வாரம் பெங்களூரில் ஒரு வீட்டுக்கு நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி பூசிக்கொண்டிருந்தோம். உள்ளே ஒரு ஆள்தான் நிற்கலாம். மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு நான் மட்டும் இறங்கி கடைசிச் சுவரைப் பூசி முடித்தேன். பூச்சு இறுகுவதற்குள் கரண்டி முனையால் மாதையன் என்று கை அகலத்துக்கு எழுதினேன். யாரும் பார்க்க முடியாத இடம். அதனால்தான் எழுத முடிந்தது. பூச்சைச் சமன் செய்கிற மட்டக்கட்டை கையில்தான் இருந்தது, தேய்த்து அழிக்கவில்லை. ஏணியில் ஏறி வெளியே வந்து, ஏணியை மேலே இழுத்துக்கொண்டு, தொட்டியின் வாயைப் பலகை போட்டு மூடினேன்.